ஃபோர்டு 300 ஆறு சிலிண்டர் பிக்கப்: பார்ட்ஸ் தேடுவதும் மேம்படுத்துவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

என்னிடம் இருப்பது 1971ஆம் வருடத்து ஃபோர்டு எஃப்-100 பிக்கப். இன்ஜின் 300 கன அங்குலம். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். நான் இருப்பது ஒஹையோவில். அமெரிக்காவில் இதே மாதிரிப் பழைய பிக்கப் வாங்கிய நம் ஆட்கள் சிலர் அவ்வப்போது போன் செய்வார்கள். ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். 1965 முதல் 1979 வரை வந்த எஃப் வரிசை வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது.

என் வண்டியில இருக்கறது 240ஆ, 300ஆ? வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?

ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டும் 1965இல் வந்த ஒரே குடும்பம், போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஒன்றே: 4.00 அங்குலம். ஸ்ட்ரோக்கில்தான் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) வித்தியாசம். 240க்கு 3.18 அங்குலம், 300க்கு 3.98. 1967 முதல் 1972 வரையிலான வண்டி என்றால் வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) நான்காவது எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் 240, பி என்றால் 300.

ஆனால் ஐம்பது வருடத்தில் இன்ஜின் மாற்றாமலா இருந்திருப்பார்கள்? சந்தேகம் இருந்தால் ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக ஒரு மெல்லிய மரக்குச்சியை விடுங்கள். கிராங்கைக் (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு) கையால் சுற்றி, குச்சி அதிகபட்சம் மேலே வந்த இடத்திலும் கீழே போன இடத்திலும் குறி போடுங்கள். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் அளவு துல்லியமாக வராது. ஆனாலும் மூன்று அங்குலச் சொச்சமா, நான்கை ஒட்டியா என்பது தெரிந்துவிடும்.

"ஃபோர்டு ஆறு சிலிண்டர்"னு சொல்லித்தான் வித்தாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா பொருந்தவே இல்லையே?

ஃபோர்டு ஆறு சிலிண்டர் என்பது ஒரே இன்ஜின் இல்லை. 1964 வரை பிக்கப்பில் வந்த 223 வேறு குடும்பம். ஃபால்கன், பழைய பிராங்கோ போன்றவற்றில் வந்த 144, 170, 200, 250 இன்னொரு குடும்பம். நம்முடையது 240, 300 மட்டும். இந்த மூன்று குடும்பத்துக்குள்ளும் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி), மேனிஃபோல்டு (காற்று, புகை போகும் குழாய்த் தொகுதி), கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எதையும் மாற்றிப் போட முடியாது.

விற்பவர் காட்டும் படத்தைப் பார்த்தே ஒரு குடும்பத்தை ஒதுக்கிவிடலாம். 170, 200, 250 இன்ஜின்களில் இன்டேக் (காற்று உள்ளே போகும்) மேனிஃபோல்டு ஹெட்டோடு ஒரே வார்ப்பாக இருக்கும், தனியாகக் கழற்ற வராது. நம் இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில், தனித்தனி போல்ட்டில் நிற்கும்.

வார்ப்பில இருக்கற நம்பரைச் சொன்னா பார்ட் கிடைக்குமா?

பாதி கிடைக்கும். சி5ஏஇ (C5AE), டி3டிஇ (D3TE) என்று தொடங்கும் எண் அச்சு எண். அது பார்ட் நம்பர் இல்லை. முதல் எழுத்து பத்தாண்டு: சி (C) என்றால் 1960கள், டி (D) 1970கள், இ (E) 1980கள். அடுத்த இலக்கம் வருடம். மூன்றாவது எழுத்து எந்த வண்டிக்காக வடிவமைத்தார்கள் என்பது: ஏ (A) என்றால் பெரிய கார், டி (T) என்றால் டிரக். நான்காவது இடத்து இ, இன்ஜின் பிரிவு. வடிவமைத்த வருடத்தைத்தான் இது சொல்லும், வார்த்த வருடத்தை அல்ல. சி5 என்ற எண்ணோடு பல வருடம் கழித்தும் வார்த்திருக்கலாம்.

சரி, முதல்ல என்ன வாங்கணும்? கார்புரேட்டரா, எக்ஸாஸ்ட்டா?

இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு கம்ப்ரெஷன் கேஜ், ஒரு வேக்கம் கேஜ் (இன்டேக்கின் உறிஞ்சலை அளக்க), ஒரு டைமிங் லைட் (பிளக் பொறி விடும் நேரத்தைப் பார்க்க). இன்ஜின் எதை இழந்திருக்கிறது என்று தெரியாமல் எதை ஏற்றினாலும் பணம்தான் கரையும். இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். "சக்தி பத்தலை" என்று கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் இன்ஜினுக்கு மேம்பாடு தேவைப்படவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பினாலே போதுமாக இருந்தது.

இன்ஜினைச் சூடாக்கி, ஆறு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கம்ப்ரெஷன் எடுங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும். குறைந்ததில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஐடிலில் வேக்கம்: முள் 17க்கும் 21 அங்குலத்துக்கும் இடையில் ஆடாமல் நிற்க வேண்டும்.

பார்ட்ஸ் எங்கதான் தேடறது? இவ்வளவு பழைய வண்டிக்கு இன்னும் கிடைக்குதா?

இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 300 இன்ஜின் 1996 வரை உற்பத்தியில் இருந்தது. எஃப்-150, ஈகோனோலைன் வேன், பெரிய எஃப்-600 லாரி என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். ஜெனரேட்டரிலும் பண்ணை இயந்திரத்திலும்கூட ஓடியது. கேஸ்கட், ஆயில் பம்ப், லிஃப்டர், பேரிங், பிஸ்டன் ரிங் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கும். நாப்பா மாதிரிக் கடையில் போய் "1971 எஃப்-100, 300 ஆறு" என்றால் கவுன்டரிலேயே பாதி வந்துவிடும். மீதிக்கு ராக்ஆட்டோ என்ற இணையக் கடை.

காயலாங்கடைக்குப் போகிறவர்கள் செய்கிற தவறு, பழைய பிக்கப்பை மட்டும் தேடுவது. அது வந்து நின்ற அன்றே காலியாகிவிடும். 1980, 90களின் ஈகோனோலைன் வேனைத் தேடுங்கள். இன்ஜின் கேபினுக்கு உள்ளே ஒரு மூடிக்குக் கீழே இருப்பதால் அதில் கை வைக்க எல்லோருக்கும் சோம்பல், பார்ட்ஸ் மிஞ்சியிருக்கும். எந்த வண்டியின் பார்ட் எதற்குப் பொருந்தும் என்பதற்கு ஹாலண்டர் கையேடு இருக்கிறது. பழைய பதிப்பு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காத அலங்காரச் சாமான், ஏர் கிளீனர் மூடி, பிராக்கெட் இதெல்லாம் பென்சில்வேனியாவில் கார்லைல், ஹெர்ஷி சந்தைகளில் தரையில் விரித்து வைத்திருப்பார்கள். அளவுகோலும், கழற்றிய பழைய பார்ட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.

பாயிண்ட்டை எடுத்துட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

தாராளமாக. பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) திறந்து மூடும் சுவிட்ச். 300க்கு நான் முதலில் சிபாரிசு செய்யும் மாற்றமே இதுதான். 1970களின் பின்பாதியில் ஃபோர்டே டூராஸ்பார்க் 2 என்ற முறைக்கு மாறிவிட்டது. அந்த டிஸ்ட்ரிபியூட்டர் நம் பிளாக்கில் நேராக உட்காரும். டிஸ்ட்ரிபியூட்டர், நீல நிற ரப்பர் அடைப்புள்ள மாட்யூல், அதற்குரிய காயில், ஒயரிங் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்தால் குழப்பம் இல்லை. மாட்யூலின் சிவப்பு ஒயருக்கு முழு 12 வோல்ட் வேண்டும். காயிலுக்குப் போகும் மின்சாரம் ரெசிஸ்டன்ஸ் ஒயர் வழியாகத்தான் போக வேண்டும், அதை வெட்டி எறியாதீர்கள். மாட்யூலின் எர்த் (கறுப்பு ஒயர்) டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு வழியாகப் போகிறது. "போட்டேன், ஸ்டார்ட் ஆகலை" என்கிற புகாரில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கறுப்பு ஒயரைத்தான்.

ஒரு கண்ணி இருக்கிறது. 1980களின் நடுவில் கம்ப்யூட்டர் வைத்து வந்த 300 டிஸ்ட்ரிபியூட்டரும் அதே ஓட்டையில் உட்காரும். ஆனால் அதில் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் எடைகளும் இல்லை, வேக்கம் டப்பாவும் இல்லை. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் அதை மாட்டினால் வண்டி ஐடிலில் நன்றாக நிற்கும், மேட்டில் மூச்சு வாங்கும். வேக்கம் டப்பா இல்லாத டிஸ்ட்ரிபியூட்டரை வாங்காதீர்கள்.

டைமிங் லைட் வச்சு 6 டிகிரி வச்சேன், வண்டி இழுக்கவே மாட்டேங்குது. காதால கேட்டு வச்சா நல்லா ஓடுது. எது சரி?

உங்கள் காது சரி, குறிதான் நகர்ந்திருக்கும். கிராங்க் முனையில் இருக்கும் பேலன்சர் இரண்டு இரும்பு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் காய்ந்ததும் வெளி வளையம் வழுக்கிச் சுற்றிவிடும். டைமிங் குறி இருப்பது அந்த வெளி வளையத்தில்.

ஒன்றாம் நம்பர் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். முட்டியதும் குறி போடுங்கள். மறுபக்கம் சுற்றி முட்டியதும் இன்னொரு குறி. இரண்டுக்கும் சரி நடுவில் இருப்பதுதான் உண்மையான உச்சிப் புள்ளி. என் வண்டியில் பழைய குறி அந்த இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது. அப்படி வழுக்கிய பேலன்சரைப் புதுப் பெயிண்ட் அடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும். வளையம் கழன்றால் ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

டைமிங் கியர் ஃபைபர்னு சொல்றாங்களே, பயப்படணுமா?

இந்த இன்ஜினில் டைமிங் செயின் கிடையாது. கிராங்க் கியரும் கேம் கியரும் நேராகப் பல்லோடு பல் சேர்ந்து ஓடும். சத்தம் குறைய வேண்டும் என்று பெரும்பாலான வண்டிகளில் கேம் கியரை ஃபைபரில் கொடுத்தார்கள். வயதான ஃபைபர் பல் எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது. உதிர்ந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும், துகள் ஆயில் சம்பில் இறங்கி பம்ப்பின் வலையை அடைக்கும்.

இன்ஜினை எதற்காகத் திறந்தாலும் முன் கவரையும் கழற்றி, அலுமினியம் அல்லது ஸ்டீல் கியர் ஜோடியைப் போட்டுவிடுங்கள். இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். கேம் கியர் அழுத்தி ஏற்றப்பட்டது, சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. கேமை வெளியே எடுத்துப் பிரஸ்ஸில் ஏற்றுவதுதான் முறை. இரண்டு கியரிலும் உள்ள புள்ளிகள் எதிரெதிரே பார்க்க வேண்டும். உலோகக் கியர் கொஞ்சம் ஊளையிடும், அதற்குப் பழகிக்கொள்ளலாம்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் மூணு தடவை மாத்திட்டேன், மறுபடி மறுபடி ஊதுது. என்ன செய்ய?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நானும் இரண்டு முறை தோற்ற இடம்.

இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? கார்புரேட்டருக்குக் கீழே இவை இரண்டும் ஒன்றோடொன்று போல்ட்டாலும் சேர்ந்திருக்கின்றன, எக்ஸாஸ்ட் சூட்டில் பெட்ரோல் ஆவியாக வேண்டும் என்பதற்காக. நான் அந்த நடு போல்ட்டுகளை மேசையில் வைத்தே இறுக்கிவிட்டு, ஜோடியாகத் தூக்கி ஹெட்டில் மாட்டினேன். இரண்டு முகமும் ஒரே தளத்தில் இல்லை. நடு சிலிண்டர்களில் கேஸ்கட் நசுங்கியது, ஓரத்தில் காகிதம் நுழையும் இடைவெளி. சரியான வரிசை இது: நடு போல்ட்டுகளைக் கையால் மட்டும் போட்டு, ஜோடியை ஹெட்டில் வைத்து, ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றுச் சுற்றாக இறுக்கி முடித்து, கடைசியாக நடு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். சில முறை சூடாகி ஆறிய பின் இன்னொரு தடவை டார்க் பாருங்கள்.

அப்படியும் ஊதினால் எக்ஸாஸ்ட் வளைந்திருக்கிறது. முகத்தில் நேர்கோல் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். வளைந்ததை லேத் பட்டறையில் கொடுத்து, இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே தளமாகச் சீவச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சீவினால் பழைய கதைதான்.

எக்ஸாஸ்ட்டை மாத்தினா உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும், செலவும் குறைவு. 1987 முதல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு வந்த 300இல் எக்ஸாஸ்ட்டை இரண்டு துண்டாகக் கொடுத்தார்கள்: முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று. கனமான வார்ப்பிரும்பு, மெல்லிய ஹெடர் பைப் மாதிரி துருப்பிடித்து ஓட்டையாகாது. முன்பு சொன்ன ஈகோனோலைன் வேனில் தேட வேண்டிய பொருள் இதுதான். இரண்டையும் சேர்க்கும் ஒய் பைப்பை சைலன்சர் கடையில் வளைத்து வாங்க வேண்டும்.

ஆனால் இதை மாட்டியதும் இன்டேக்குக்கு அடியிலிருந்து வரும் சூடு நின்றுவிடும். டெக்சஸில் இருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. எங்கள் ஊர் நவம்பரில் வண்டி கால் மணி நேரம் தும்மும். இன்டேக்குக்கு அடியில் ரேடியேட்டர் வெந்நீர் ஓடும் தட்டு வைப்பதுதான் தீர்வு.

ஒரே பேரல் கார்புரேட்டர் சின்னதா இருக்கே. நாலு பேரல் போட்டா என்ன?

போடலாம் (பேரல் என்பது கார்புரேட்டரில் காற்று போகும் குழாய்). ஆஃபன்ஹவுசர், கிளிஃபோர்டு இரண்டு பெயரிலும் இந்த இன்ஜினுக்கு நான்கு பேரல் இன்டேக் உண்டு. ஆனால் முதலில் ஒரு கணக்கு. இன்ஜின் அளவை (கன அங்குலம்) அதன் உச்ச வேகத்தால் (ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 3,456ஆல் வகுங்கள். 300 × 4,000 ÷ 3,456 என்றால் 347. எந்தப் பழைய இன்ஜினும் முழு மூச்சு இழுக்காது. 80 சதவீதம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 278 கன அடி காற்று. இதற்கு 600 கன அடி கார்புரேட்டர் எதற்கு? நான்கு பேரல்தான் வேண்டும் என்றால் ஹோலியின் 390 கன அடி போதும்.

என் விருப்பம் இரண்டு பேரல் ஆட்டோலைட் 2100. காயலாங்கடையிலேயே கிடைக்கும், அமைப்பும் எளிது. மிதவைக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஒரு வட்டத்துக்குள் 1.08, 1.14, 1.21 என்று எண் இருக்கும், அது வெஞ்சுரியின் (நடுவில் குறுகும் காற்றுவழி) அங்குல அளவு. 1.08 இந்த இன்ஜினுக்கு நன்றாக ஒத்துப்போகும். 1.21 வேண்டாம், கீழ் வேகத்தில் இழுவை போய்விடும். 1965இல் ஃபோர்டு சொன்ன கணக்கிலேயே 300இன் உச்ச முறுக்குவிசை வெறும் 1,400 ஆர்பிஎம்மில் வந்தது. அதுதான் இதன் குணம், அதைக் கெடுக்கிற எந்த மாற்றத்தையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

240 ஹெட்டை 300ல போட்டா கம்ப்ரெஷன் ஏறும்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். 240இன் எரிப்பறை சிறியது, ஹெட் நேராக உட்காரும். எவ்வளவு ஏறும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். 300இன் ஒரு சிலிண்டர் கொள்ளளவு ஏறக்குறைய 819 சிசி. உங்கள் இன்ஜின் இப்போது 8க்கு 1 என்றால் மேலே மிஞ்சும் இடம் 117 சிசி. புது ஹெட்டில் அறை 8 சிசி சிறியது என்று வைத்துக்கொண்டால் 109. 819ஐயும் 109ஐயும் கூட்டி 109ஆல் வகுத்தால் 8.5. ஆரம்பமே 8.8 என்றால் இதே ஹெட் 9.4க்குக் கொண்டுபோய்விடும். 87 ஆக்டேன் போட்டு மேட்டில் பாரம் இழுத்தால் நாக்கிங் கேட்கும்.

ஆகவே பியூரெட்டில் எண்ணெய் விட்டு இரண்டு ஹெட்டையும் அளந்த பிறகு முடிவெடுங்கள். ஹெட் வருடத்துக்கு வருடம் பிளக்கின் மரை அளவும் மாறியிருக்கிறது. வாங்கும்போதே ஒரு பிளக்கைத் திருகிப் பாருங்கள்.

ஈயமில்லாத பெட்ரோல்ல வால்வு சீட் தேஞ்சுடும்னு ஹெட்டை உடனே கழட்டணுமா?

வேண்டாம். வாரக் கடைசியில் ஓடும் வண்டிக்கு அவசரமில்லை. வேறு காரணத்துக்காக ஹெட் இறங்கும்போது எக்ஸாஸ்ட் சீட்டுகளைக் கடின உலோகத்தில் போடச் சொல்லுங்கள். தினமும் டிரெய்லர் இழுப்பவர் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அதைவிட அவசரம் பெட்ரோல் ஹோஸ். இன்றைய பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பரை இளக்கி விரிசல் விட வைக்கும். அது தீப்பிடிக்கிற விஷயம், இந்த வாரமே மாற்றுங்கள்.

புது கேம்ஷாஃப்ட் போட்டு ஆயிரம் மைல்கூட ஓடல, லோப் தேஞ்சுபோச்சு. கேம் மட்டமா?

கேம் மட்டமாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் ஆயிலைப் பாருங்கள். இதில் இருப்பது உருளை இல்லாத தட்டை லிஃப்டர் (கேமின் மேடான லோப் தள்ள, அந்த அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் பாகம்). லோபும் லிஃப்டரும் தேயாமல் இருக்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்மானம் வேண்டும். இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) உச்சவரம்பு இருக்கிறது. பழைய வண்டிக்கென்று விற்கும், 1,000க்கு மேல் உள்ள ஆயிலை வாங்குங்கள்.

அடுத்தது முதல் இருபது நிமிடம். புது கேமோடு ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. 2,000க்கும் 2,500க்கும் இடையில் மாற்றி மாற்றி ஓட விடுங்கள். அதற்கு முன்பே டைமிங்கும் பெட்ரோலும் சரியாக இருக்க வேண்டும், ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே நின்றால் லோபில் தடவிய பசை வழிந்துவிடும். பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் போடவே போடாதீர்கள்.

302 வி8ஓட கியர்பாக்ஸ் ஒண்ணு சும்மா கிடைக்குது. அப்படியே மாட்டலாமா?

1965க்குப் பிந்தைய ஆறு போல்ட் அமைப்பு என்றால் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் கூடு) பொருந்தும். ஃப்ளைவீலை மட்டும் அதனோடு சேர்த்து மாட்டாதீர்கள். வி8 ஃப்ளைவீலில் வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை கூட்டியிருப்பார்கள், அது அந்த கிராங்க்குக்கான சமநிலை. நம் கிராங்க் தன்னளவிலேயே சமநிலையில் இருப்பது. அந்த ஃப்ளைவீலை மாட்டினால் ஐடிலிலேயே கேபின் அதிரும், மெயின் பேரிங் நெடுநாள் தாங்காது. 300இன் ஃப்ளைவீலையே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடது செவ்ரோலெட் பிக்கப், 1952. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

சோதிக்கும் முறை பொருந்தும், பார்ட்ஸ் பொருந்தாது. 1953 வரை செவ்ரோலெட் பிக்கப்பில் வந்த 216 இன்ஜினில் கானெக்டிங் ராடு பேரிங் உருக்கி வார்த்த பேபிட் உலோகம். அதற்கு ஆயில் பிரஷரில் போகாது, ராடின் அடியில் உள்ள கரண்டி சம்பில் முக்கி அள்ளிக்கொள்ளும். கம்ப்ரெஷன் ஏற்றுவது, நெடுஞ்சாலையில் விரட்டுவது இரண்டும் அதற்கு ஆகாது. வேகம் வேண்டும் என்றால் 1954க்குப் பிந்தைய 235 இன்ஜினை முழுதாக மாற்றிப் போடுங்கள். அதில் முழு பிரஷர் ஆயிலிங், பேரிங்கும் செருகும் வகை. வாங்குமுன் பிளாக்கின் வார்ப்பு எண்ணை படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் பார்த்தால் 216உம் 235உம் குழப்பும், விற்பவரும் பெயிண்ட் நிறத்தை வைத்துத்தான் சொல்வார்.